பேதியும் பத்தியமும்: வீட்டு மருத்துவத்தின் மொழி பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் மருத்துவ நூல்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பந்தியின் கடைசி வாக்கியமே. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தைக் கூறுமிடத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் பெயரளவிற் சுட்டப்படும். அவற்றைச் 'செய்யுளால் ஆகிய வைத்திய நூல்கள்' என வகைப்படுத்திய கையோடு வரலாற்றாசிரியர் அரசகேசரியின் இரகுவமிசத்துக்குச் சென்றுவிடுவார். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய உழைப்பு ஏட்டுப் பதிப்பு வரலாற்றில் எவ்வகையிலும் சிறியதன்று. எனினும் அந்நூலை இலக்கிய மாணவன் ஒருவன் மொழிக்காகவேனும் விரித்துப் பார்ப்பது அரிது. இலக்கியக்காரர் அது மருத்துவருக்குரியது என விடுகின்றனர்; மருத்துவ மாணவர் பலருக்கோ அச்செய்யுள் நடை கடினமாகிறது. இவ்விரு சாராரின் இடையிலே ஒரு சொல்லாட்சி முழுவதும் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. கைவிடப்பட்ட சொற்களின் இடத்தில் எத்தகைய சொற்கள் வந்து அமர்கின்றன, அவற்றால் விளைவது யாது என்பதே இங்கு ஆராயப்படுவது. எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் அன்றாட வாழ்வுக்கு மிக அணித்தானது: வீட்டிலிருந்தபடியே உணவாலும் மருந்தாலும் வயிற்றைச் சுத்திசெய்யும் வழக்கம்.

திருகோணமலையின் உள்துறைமுகத்தை நோக்கியிருக்கும் மேட்டு நிலம் ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் எனவும் தமிழில் உவர்மலை எனவும் வழங்கும். எப்பெயர் எதிலிருந்து பிறந்தது என்பது இங்கு வேண்டப்படுவதன்று. ஆயினும் தமிழ்ச் செவிக்கு உவர் என்பது அறுசுவையுள் ஒன்று. துணி வெளுப்பார் அழுக்ககற்றப் பயன்படுத்திய மண்ணும் உவர்மண்ணே. சுவையையும் சுத்தியையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் கொண்ட ஓரிடத்தை இவ்வாராய்ச்சிக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தும். விவேகானந்தாக் கல்லூரியும் அதனைச் சூழ்ந்த குடிமனைகளும் கொண்ட அவ்விடத்தில் மட்டுமன்றி, வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் 'பேதி குடித்தல்' என்பது ஒரு தலைமுறைக்கு முன்னர் வரை வீட்டு நடைமுறையாக இருந்தது. பாடசாலை விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஆமணக்கெண்ணெயோ நிலவாகைக் கசாயமோ புகட்டுவர். அன்று வெந்நீர், வயிறு ஓய்ந்தபின் குழைந்த சோறும் மிளகு இரசமும், மறுநாளும் மரக்கறி மட்டுமே, அதுவும் உறைப்பின்றி. அந்நாளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார் எவருமிலர். தலைமயிர் வெட்டுவிக்கும் நாளைப் போல அதுவும் ஒரு நாள், அவ்வளவே.

இன்று அதே வீடுகளில் வேறொரு வழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று, ஐந்து அல்லது ஏழு நாட்களுக்குப் பயறும் அரிசியும் குழைய வேகவைத்த ஒரே உணவு. விடியற்காலையில் நாளுக்கு நாள் கூட்டிப் பருகும் நெய். இடையிடையே இஞ்சி வெந்நீர். உடலெங்கும் எண்ணெய் பூசி வெந்நீர்க் குளிப்பு. இறுதியில் திரிபலைச் சூரணமோ ஆமணக்கெண்ணெயோ. இதற்கு ஆயுர்வேத உடற்சுத்தி என்றும், நச்சு நீக்கம் என்றும் பெயர். வட இந்தியப் பெயரோடு வந்துள்ள அவ்வுணவு சர்க்கரை சேராத பயற்றம்புக்கையே என்பதை வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் ஒரு வாய் உண்டதும் கண்டுகொள்வார். புதியது உணவன்று, பெயரே. பெயர் மாறும்போது பொருளும் உடன் மாறிவிடுகிறது என்பதுதான் கவனத்துக்குரியது.

பழைய வழக்கத்தின் பின்னே நின்ற நூல்நெறியை முதலிற் பார்த்தல் வேண்டும். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி அளவிற் சிறியது. ஆனால் தமிழ் மருத்துவச் செய்யுட்களுள் மக்களிடையே அதனளவு பரவியவை சிலவே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வமனம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம், அரைமாதத்துக்கு இருமுறை சவரம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை கண்ணுக்கு அஞ்சனம் என அது காலக்கணக்கு ஒன்றைத் தருகிறது. இப்பட்டியலிற் பேதி நிற்கும் இடம் சிந்திக்கத்தக்கது. சவரத்துக்கும் எண்ணெய் முழுக்குக்கும் பக்கத்தில், அவற்றினும் உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ காட்டப்படாமல் அது வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எத்தகைய மகிமையும் ஏற்றப்படவில்லை. நூலின் பெரும்பகுதியோ பேதி பற்றியதன்று. உண்ணும் முறை, உறங்கும் முறை, நீரைக் காய்ச்சியும் மோரைப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் கொள்ளும் முறை, முதல் நாட் கறியை விலக்குதல், பசியாதபோது உலகமே கிடைப்பினும் உண்ணாமை ஆகியவை பற்றியது.

இதனினும் நுட்பமானது அச்செய்யுட்களின் வினைமுற்று. மருத்துவ நூலாசிரியன் பொதுவாக ஏவல் வினையாற் பேசுவான்: கொடு, காய்ச்சு, தவிர் என்பான். நோயணுகா விதியோ தன்மைப் பன்மையில் இயலுகிறது. 'செய்வோம்', 'செய்யோம்' என்ற உறுதிமொழிகளாக அடிகள் அடுக்கி வந்து, இவ்வாறு வாழும் எம்மிடத்து எமனுக்கு என்ன வேலை என்ற வினாவில் முடிகின்றன. நோயாளி ஒருவனுக்கு இடப்பட்ட கட்டளை என இதனைக் கொள்ளவியலாது. கூட்டமாக வாழ்வோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு என்பதே பொருந்தும். உவர்மலை வீட்டில் பிள்ளைகள் அனைவரும் ஒரே நாளில் வரிசையாக இருத்தப்பட்டதும் இப்பன்மையின் நடைமுறை வடிவமேயாகும். இன்றைய வழிகாட்டிகளின் மொழி 'உங்கள் உடலை நீங்களே சுத்திசெய்யுங்கள்' எனத் தனியாள் ஒருவரை நோக்குவது. வீட்டார் அனைவரும் வழக்கம்போல் உண்ண, ஒருவர் மட்டும் வேறு சட்டியில் வேறு உணவு உண்கிறார். இந்த வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் இங்கு ஒப்புநோக்கற்குரியது. அதிகாரப் பெயர் மருந்து. ஆயின் பத்துக் குறட்பாக்களுள் ஒன்றிலேனும் ஒரு மருந்தின் பெயர் இல்லை. வளி முதலாக எண்ணப்படும் மூன்றைக் கூறும் முதற் குறளுக்குப் பின் ஆறு குறள்கள் தொடர்ந்து உணவையே பேசுகின்றன: முன் உண்டது அற்றதறிந்து உண்ணல், அளவறிந்து உண்ணல், மாறுபாடில்லாததை உண்ணல், தீயளவின் மிகாது உண்ணல் என்றவாறு. எஞ்சிய மூன்றும் மருத்துவன் செயலையும் மருத்துவத்தின் கூறுகளையும் பற்றியன. கழித்தலுக்கு அங்கு இடமே இல்லை. வள்ளுவர் வமன விரேசனங்களை அறியாதவர் என இதனால் முடிவுகட்டுதல் பேதைமை. உட்செல்வதை ஒழுங்குபடுத்தியவனுக்கு வெளிச்செல்வதைப் பற்றிய கவலை குறைவு என்ற எண்ணம் அவ்வதிகார அமைப்பில் உள்ளுறைந்திருக்கிறது என்று மட்டுமே கூறலாம்.

வடமொழி ஆயுர்வேத நூல்களின் நெறி இதனினும் விரிவானது. சரகசம்கிதை கூறும் பஞ்சகருமங்கள் வமனம், விரேசனம், இருவகை வத்தி, நசியம் என்பன. இவற்றுக்கு முன் நெய்யூட்டலும் வியர்ப்பித்தலும் உண்டு. இவ்வளவும் இன்றைய வீட்டுச் சுத்தி முறையில் ஏதோ ஒரு சுருங்கிய வடிவில் இடம்பெற்றுள்ளன. இடம்பெறாது விடுபட்டது பின்னே வரும் பகுதி. கழிச்சலின் பின் அழல் மங்கியிருக்கும் என்பது அந்நூலின் கோட்பாடு. எனவே முதலில் நீர்க்கஞ்சி, அடுத்துக் குழைகஞ்சி, அதன்பின் நெய்யும் உப்பும் சேராத பயற்றஞ்சாறு, பின்னர் அவை சேர்ந்த சாறு, இறுதியில் இறைச்சிச் சாறு எனப் படிப்படியாக உணவு ஏற்றப்படுகிறது. மிகுதியாகக் கழிந்தவனுக்கு ஒவ்வொரு படியிலும் மூன்று வேளை, இடைத்தரமாயின் இரண்டு, குறைவாயின் ஒன்று. சிறு விறகிட்டு அணைந்த அடுப்பை மூட்டுவதுபோல என்பது இதற்கு மரபில் வழங்கும் உவமை. கழித்தல் ஒரு நாளில் முடிவது. அதன் பின் உண்பித்தலோ பல நாட்களுக்கு நீள்வது. நூலாசிரியரின் அக்கறை எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயுர்வேதச் சுத்தி என்றாலே புலால் விலக்கல் என எண்ணுவோர், அதன் இறுதிப் படி இறைச்சிச் சாறு என்பதை அறியின் வியப்புறுவர். தூய்மை பற்றிய சமய உணர்வொன்று மருத்துவத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சிறு அடையாளம்.

இனி, இப்பொருளின் நடுவாக அமையும் உருவகத்துக்கு வருதல் வேண்டும். ஆயுர்வேதம் கூறும் ஆமம் என்பதன் நேர்ப்பொருள் வேகாதது என்பதே. வயிறு உலை, சமானவாயு ஊதும் காற்று, சாடராக்கினி அடுப்புத் தீ, உண்டது அரிசி. தீ மந்தமாயின் சோறு வேகாது. வேகாத சோறே ஆமம். இக்கோட்பாடு முழுவதும் சமையற்கட்டில் நின்று உடலை நோக்கியவர்களின் கோட்பாடு. 'பசித்தீ' என்றும், 'வயிறு வேகிறது' என்றும், 'தின்றது செமிக்கவில்லை' என்றும் சாதாரணப் பேச்சிலே கூறுவோர் யாவரும் அவ்வுருவகத்துள்ளேயே வாழ்கின்றனர். ஆமத்துக்கு முதன்மையான மாற்றுப் பட்டினியும் வேர்க்கொம்பும் மிளகும் என்பதும் இதனாற் பெறப்படும்: அடுப்பு நன்றாக எரியவில்லையாயின் மேலும் அரிசி இடாதே, தீயை மூட்டு. இலங்கணம் பரம ஔடதம் என்ற பழமொழியின் பொருளும் இதுவே.

இன்றைய 'நச்சு நீக்கம்' இந்த அடுப்பை அறியாது. அதன் உருவகம் வடிகால். உடல் ஒரு குழாய்த் தொகுதி. அதன் சுவர்களில் ஆண்டாண்டாகக் கசடு படிகிறது. கசடு நஞ்சாகிக் குருதியிற் கலக்கிறது. ஆதலால் குழாயைக் கழுவ வேண்டும். இவ்வெண்ணம் சரகரிடமிருந்தோ தேரையரிடமிருந்தோ வந்ததன்று. 1887இல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர் சாள்ஸ் பூஷார் வெளியிட்ட விரிவுரைகளில் தன்நச்சேற்றம் பற்றிய கருத்து வலுப்பெற்றது. குடலிற் தங்கிய கழிவே தலைவலி முதல் மனச்சோர்வு வரை பலவற்றுக்கும் காரணம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிற்று. இலண்டனில் ஆபத்நொட் லேன் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டியகற்றும் அளவுக்குச் சென்றார். பெருநகரங்கள் நிலக்கீழ் வடிகால்களை அமைத்துக்கொண்ட நூற்றாண்டில் மனித உடலும் வடிகாலாகக் காட்சியளித்தது இயல்பே. 1919இல் வோல்ற்றர் அல்வாறெஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், அவ்வறிகுறிகள் குருதியிற் கலந்த நஞ்சினால் அல்ல, நிரம்பிய குடலின் விரிவும் அழுத்தமும் நரம்புகளைத் தூண்டுவதால் எழுவன என வாதிட்டார். கழித்தவுடனே நலமுண்டாவதை அவர் சான்றாகக் காட்டினார்; நஞ்சு குருதியிற் பரவியிருப்பின் அவ்வளவு விரைவில் நலம் வாராது. அதன்பின் மருத்துவ உலகம் அக்கொள்கையை மெல்லக் கைவிட்டது. கைவிடப்பட்ட ஐரோப்பியக் கொள்கை ஒன்று ஒரு நூற்றாண்டின் பின்னர் கீழைத்தேய ஞானம் என்ற ஆடையுடன் உவர்மலைக்கு வந்து சேர்ந்திருப்பது வரலாற்றின் விளையாட்டுக்களுள் ஒன்று.

அத்துறைமுகத்துக்கு இத்தகைய சரக்கு வருவது முதன்முறையுமன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பநாடுகளில் பணியாற்றிய ஆங்கிலக் கடற்படை மருத்துவரின் முதன்மையான ஆயுதம் பூரம் என்ற பாதரசச் சேர்க்கை. ஜேம்ஸ் ஜோன்சன் என்னும் கடற்படை மருத்துவர் 1813இல் வெளியிட்ட வெப்பநாட்டு மருத்துவ நூல் காய்ச்சலுக்கும் வயிற்றுளைவுக்கும் அதனைப் பேரளவிற் கொடுக்குமாறு கூறி நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. வயிறு கழுவுதல் கீழைத்தேயத்துக்கே உரியது, மேலைத்தேய மருத்துவம் அதனை அறியாதது என்ற எண்ணம் இதனால் நிலைகுலைகிறது.

சொல்லாட்சிக்கு மீள்வோம். ஆமம் என்பதனை நச்சு எனப் பெயர்ப்பது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையன்று. அடுப்பை வடிகாலாக மாற்றும் செயல். தமிழில் நஞ்சு என்பது கூர்மையான சொல். சுன்னாகம் வரத பண்டிதர் அமுதாகரம் எனப் பெயரிட்டுச் செய்யுள் செய்தது நஞ்சு மருத்துவம் பற்றியே. பாம்பு, தேள் முதலியவற்றின் கடியால் ஏறுவது விடம். அதற்குக் கால எல்லை உண்டு, குறி உண்டு, மாற்று உண்டு. அதே பண்டிதர் ஏகாதசிப் புராணமும் சிவராத்திரிப் புராணமும் பாடியவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. விரதமும் விடமருத்துவமும் ஒரே புலவரின் கையில் இருந்தும், பட்டினி நஞ்சை நீக்கும் என அவற்றை அவர் ஒன்றாக்கிக் குழப்பவில்லை. ஒன்று பாசத்தைப் பற்றியது, மற்றையது பாம்பைப் பற்றியது. இன்றைய 'நச்சு' எதனையும் குறியாது. ஆதலின் எல்லாவற்றையும் குறிக்கிறது. எந்த நஞ்சு, எவ்வளவு, எவ்வழி வெளியேறியது என்ற வினாவுக்கு அங்கு விடையில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழிலாக்கியபோது ஒரு கலைச்சொல்லுக்காக நாட்டு வைத்தியரையும் பண்டிதரையும் கலந்து உழைத்த கதை யாவரும் அறிந்தது. அவர் ஆக்கிய சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. எனினும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளைச் சுட்டிற்று.

சுத்தி என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. சித்த மருத்துவர் சுத்தி என்னும்போது முதலிற் கருதுவது நோயாளியையன்று, மருந்துச் சரக்கை. சேராங்கொட்டையைச் சுத்திசெய்யாமற் சேர்க்கலாகாது. இரசமும் கந்தகமும் அவ்வாறே. சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு என்று வீட்டுக் கிழவியும் அறிந்திருந்தாள். ஒன்றன் தோலைச் சீவினாள், மற்றையதன் கொட்டையை நீக்கினாள். திரிபலையைப் போத்தலில் வாங்குவோருக்கு அக்கொட்டை நீக்கப்பட்டதா என அறிய வழியில்லை. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட, தென்னாசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை ஆய்ந்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்பட்டன. நஞ்சை நீக்குவதற்கென உட்கொள்ளப்படுவது மெய்யான நஞ்சைக் கொண்டுவரும் நிலை இது. மருந்துக்குரிய சுத்தி மனிதனுக்கு மாற்றப்பட்டபோது மருந்து சுத்தியின்றி நின்றுவிட்டது.

திருகோணமலையாருக்குச் சுத்தி என்ற சொல் வேறொரு நினைவையும் எழுப்பும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தாயின் அந்தியேட்டிக்காகத் தோன்றியவை என்பது ஐதீகம். இறந்தோர்க்குக் கடன் கழித்தோர் அங்கு நீராடித் துடக்கு நீங்குவர். நீக்கப்படுவது அழுக்கன்று, உறவின் ஒரு நிலை. இச்சடங்குச் சுத்தியின் நிழல் மருத்துவச் சுத்தியின் மேல் விழுவதாலேயே, வயிறு கழிந்தவர் தாம் ஏதோ ஒருவகையிற் புனிதமடைந்ததாக உணர்கிறார். அவ்வுணர்வைப் பொய் எனத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது குருதிப் பரிசோதனையில் அகப்படும் பொருளன்று.

காலக்கணக்கிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அட்டாங்க இருதயம் முதலிய நூல்கள் இளவேனிலில் வமனமும், மழைகாலத்தில் வத்தியும், கூதிரில் விரேசனமும் விதிக்கின்றன. மழையில் திரண்ட பித்தம் அதன்பின் எறிக்கும் வெயிலில் மிகும் என்பது இதற்குக் காரணம். இக்கணக்குத் தென்மேற்குப் பருவமழையால் நனையும் நிலத்துக்கு உரியது. திருகோணமலையில் ஆனி ஆடி மாதங்களிற் கச்சான் வீசும்; நிலம் வறண்டிருக்கும்; பெருமழை ஐப்பசிக்குப் பின் வாடைக் காற்றோடு வருவது. நூல் கூதிர் எனக் கூறும் பருவம் இங்கு மழையின் தொடக்கம். கேரளத்தில் கர்க்கடக மாதத்து மருந்துக் கஞ்சி அந்நிலத்து மழையோடு பிறந்தது. அதனை அவ்வாறே பெயர்த்து ஆடி மாதத்து உவர்மலையிற் காய்ச்சுவது, வெயிலிற் குடைபிடித்து மழையென்பது போன்றது. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வகுத்த முன்னோர் இந்நிலத்தின் காற்றை அறிந்தே வகுத்தனர் எனலாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்ட ஓர் இலக்கண மரபினர்க்கு இது புதிதாக உணர்த்தப்பட வேண்டியதன்று.

இனி மெய்யாகவே வயிற்றில் நிகழ்வது யாது? ஆமணக்கெண்ணெயிலிருந்து பிரியும் இரிசினோலெயிக் அமிலம் குடற்சுவரின் தசைக் கலங்களிலுள்ள ஒரு குறித்த ஏற்பியைத் தூண்டுவதால் குடல் சுருங்குகிறது. 2012இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்தியது. நிலவாகையிலுள்ள பொருள் பெருங்குடல் நுண்ணுயிர்களால் மாற்றமடைந்த பின்னரே தொழிற்படும். இரவிற் குடித்ததன் பயன் காலையிற் தெரிவது அதனாலேயே. வெளியேறுவன நீரும் உப்புகளும் குடலில் ஏற்கெனவே இருந்த கழிவும். குருதியிலுள்ள வேண்டாப் பொருள்களை மாற்றுவதும் வடிப்பதும் ஈரலினதும் சிறுநீரகங்களினதும் இடையறாத தொழில். விற்பனைக்கு வரும் நச்சு நீக்க உணவுமுறைகளை மதிப்பிட்ட முறையான எழுமாற்றுப் பரிசோதனை ஒன்றேனும் இல்லை என 2015இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் எழுதிய மீளாய்வு சுட்டிற்று. ஆதலின் பழைய பேதியும் நஞ்சை நீக்கவில்லை, புதியதும் நீக்கவில்லை. வேற்றுமை தீங்கின் அளவில் உள்ளது. ஒரு நாளில் முடிந்த பழைய பேதிக்குப் பின் உப்பிட்ட கஞ்சியும் இரசமும் நின்றன. பல நாட் குறையுணவோடு சேர்ந்த புதிய பேதி, இழந்த நீரையும் பொட்டாசியத்தையும் எளிதில் மீட்க விடுவதில்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உணவைக் குறைத்து மருந்தைக் குறையாதிருப்பின் குருதியிற் சீனி வீழ்ந்து மயங்குவர். நஞ்செனக் கருதி மருந்தை முற்றாக நிறுத்துபவரின் நிலை அதனினும் கொடியது. நீரிழிவாளர் இல்லாத வீடுகள் குறைந்துவரும் காலத்தில் இது நூல்வாதமன்று, உயிர்வாதம். சரகர் சிறுவர், முதியோர், மெலிந்தோர், கருவுற்றோர் என நீண்ட விலக்குப் பட்டியல் ஒன்றைத் தந்தார். வீட்டு வழிகாட்டிகள் அப்பட்டியலை ஒரு வாக்கியமாகச் சுருக்கி ஈற்றில் வைக்கின்றன.

பேதியைப் பற்றி இவ்வளவும் கூறியபின் பத்தியத்தைப் பற்றிக் கூறாது விடலாகாது. தமிழ் வீட்டு மருத்துவத்தின் உண்மையான செல்வம் கழித்தலில் இல்லை, பத்தியத்தில் உள்ளது. பிள்ளைப் பெற்ற பெண்ணுக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்து வைக்கும் சரக்குக் கறி, பால் சுரக்க எனக் கடற்கரை ஊர்களில் தேடி வாங்கும் பால்சுறா, காய்ச்சல் விட்டவனுக்குப் பொரித்த அரிசிக் கஞ்சி, சளிக்குத் தூதுவளை, விரதம் முடித்துப் பாறணைக்கு அகத்திக்கீரை. இவற்றுள் எல்லாம் மருந்தாகும் என்பதில்லை; சில வெறும் நம்பிக்கை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒருவர் மற்றவருக்கு ஆக்கிக் கொடுப்பது. கந்தசட்டியில் ஆறு நாளும் இளநீரும் பழமும் கொண்டு நோற்பவளுக்கும் ஏழாம் நாட் காலை உலையேற்றுபவர் ஒருவர் இருந்தார். அவ்வாறு ஆக்கியவர் பெரும்பாலும் பெண்ணே என்பதும், இரு சட்டி வைத்து இருமுறை சமைத்த அவளது உழைப்பு எந்த ஏட்டிலும் பதிவு பெறவில்லை என்பதும் மறைக்கப்படலாகாதன. பத்தியத்தைப் போற்றிப் பேசுவோர் பலர் அடுப்படிக்கு ஒருநாளும் செல்லாதவர். புதிய சுத்தி முறை இவ்வுழைப்பைக் குறைத்ததா எனின் அதுவுமில்லை. ஒருவருக்கென ஏழு நாட்களுக்குத் தனியுலை வைப்பதும் அவளே.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகிய அனைத்தையும் ஆயுர்வேதம் என்ற ஒரே பெயருள் அடக்கிற்று. நிருவாகத்துக்கு அது வசதி. ஆனால் தமிழ் ஊரொன்றின் சித்த வழக்கும் ஆயுர்வேதம் எனவே பெயர் பெற்றபின், அப்பெயரோடு வரும் எதுவும் தன் ஊர் வழக்கே என மக்கள் மயங்குதல் எளிதாயிற்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்த மருத்துவம் பட்டநெறியாகப் பயிலப்படுகிறது. அங்குள்ள மாணவருக்கும் தமிழ்த்துறை மாணவருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: பரராசசேகரம் முதலிய நூல்களிலுள்ள உணவுப் பெயர்களுக்கும் பத்தியச் சொற்களுக்கும் ஊர் வழக்கோடு ஒட்டிய அகராதி ஒன்று. மருத்துவம் அறியாதவன் அதனைத் தனித்துச் செய்யவியலாது; யாப்பும் வழக்கும் அறியாதவனாலும் ஆகாது.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது எரிவாயுவும் பால்மாவும் மருந்தும் தட்டுப்பட்டன. வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகள் தீர்ந்தன. வேளைச் சாப்பாட்டைக் குறைத்த குடும்பங்கள் பல. அவ்வாண்டில் உணவைக் குறைத்தல் எவருக்கும் சுத்தியாகத் தோன்றவில்லை. உவர்மலையிலும் அதன் அடிவாரத்திலும் விறகடுப்புகள் மீண்டும் மூட்டப்பட்டன. வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்தனர். கோப்பித்தூள் விலையேறியதும் அதற்கு ஒரு காரணம். முருங்கையிலையும் வல்லாரையும் வேலிகளிலிருந்தும் கிணற்றடிகளிலிருந்தும் சட்டிக்கு வந்தன. கஞ்சியில் எதனை எப்போது இடுவது, உப்பு எந்நேரம் சேர்ப்பது, காய்ச்சற்காரனுக்கு எத்தனையாம் நாள் சோறு என்பவற்றை வீட்டிலிருந்த முதியவர்களிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள். எழுதிவைத்தார் உளராயின், அவ்வேடு மேற்கூறிய அகராதிக்கு முதற் பக்கமாகும்.